முஈத்: பாடத்தைத் திரும்பச் சொன்ன துணையாசிரியர்கள்

 

மஃரிபுக்குப் பின் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது நற்பணியே. ஆயினும், சொல்லிக்கொடுப்பதற்கும் எழுதிக்கொடுப்பதற்கும் இடையே ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நம் முன்னோர் எவ்வாறு பேணினர் என்பதை வரலாற்றின் துணையோடு காண்போம்.

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில், இளைஞராயிருந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஜுர்ஜான் நகரில் கல்வி பயின்றார்கள். ஆசிரியரிடம் கேட்ட பாடங்களை ஏடுகளில் தொகுத்து எழுதினார்கள். இத்தகைய குறிப்பேட்டிற்குத் 'தஃலீக்கா' என்று பெயர். சொந்த ஊரான தூஸுக்குத் திரும்பும் வழியில் கள்வர்கள் அதைப் பறித்துக்கொண்டனர். இமாமவர்கள் கள்வர் தலைவனிடம் சென்று ஏடுகளை மட்டுமேனும் தருமாறு வேண்டினார்கள். ஏடு பறிபோனதும் கல்வியும் போய்விடுமெனில் நீர் கற்றதுதான் என்ன என்று நகைத்த அவன், அவற்றைத் திருப்பிக் கொடுத்தான். அச்சொல் இமாமவர்களின் உள்ளத்தில் தைத்தது. ஊர் திரும்பியபின் மூன்று ஆண்டுகள் உழைத்து, எழுதியிருந்த அனைத்தையும் மனனம் செய்தார்கள். இமாம் தாஜுத்தீன் சுப்கீ (ரஹ்) அவர்கள் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்கள்.

ஏட்டில் இருப்பதை உள்ளத்தில் பதியவைக்க மாணவருக்கு ஒரு துணை வேண்டும். அத்துணைவரே 'முஈத்'; திரும்பச் சொல்பவர் என்பது அதன் பொருள். பேராசிரியர் பாடம் நடத்தியபின், அதை மாணவர்களுக்கு மீண்டும் விளக்கிப் புரியவைப்பது இவர் பணி.

கலீஃபா முஸ்தன்ஸிர் அவர்கள் பாக்தாதில் நிறுவிய முஸ்தன்ஸிரிய்யா மதரஸா ஹிஜ்ரி 631இல் (கி.பி. 1234) திறக்கப்பட்டது. நான்கு மத்ஹபுகளில் ஒவ்வொன்றிற்கும் 62 மாணவர்கள், ஒரு பேராசிரியர், நான்கு முஈதுகள் என நியமிக்கப்பட்டிருந்தனர். ஏறத்தாழப் பதினைந்து மாணவர்களுக்கு ஒரு துணையாசிரியர்! 1327இல் அங்கு சென்ற பயணி இப்னு பதூதா, பேராசிரியரின் வலப்புறமும் இடப்புறமும் முஈதுகள் அமர்ந்து அவர் கூறுவதைத் திரும்பக் கூறிய காட்சியை வர்ணித்துள்ளார்.

நம் மதரஸாக்களில் ஓதப்படும் மின்ஹாஜின் ஆசிரியர் இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் இப்பணியைச் செய்தவர்களே. ஹிஜ்ரி 649இல் (கி.பி. 1251) திமிஷ்க் நகருக்குக் கல்வி கற்க வந்தார்கள். அவர்களுடைய உழைப்பைக் கண்ட ஆசிரியர், தம் வகுப்பில் பெரும்பாலோருக்குப் பாடத்தைத் திரும்பச் சொல்லும் பொறுப்பை அளித்தார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு பாடங்கள் ஓதிய காலத்தில், கடினமான இடங்களின் விளக்கங்களை இமாமவர்கள் தம் கைப்படவே குறித்துக்கொண்டார்கள்.

முஈத் தம் கடமையில் தவறினால்? முன்னர்க் குறிப்பிட்ட சுப்கீ (ரஹ்) அவர்கள், ஒவ்வொரு பதவிக்கும் உரிய பொறுப்பை விளக்கி ஒரு நூல் இயற்றினார்கள். முஈத் என்பவர் பாடத்தைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தால் போதாது. மாணவர்க்கு விளக்கிப் பயனளிக்க வேண்டும். இல்லையேல் அவருக்கும் சாதாரண மாணவருக்கும் வேறுபாடில்லை என்று அதில் எச்சரித்துள்ளார்கள்.

இவற்றைப் படித்தபோது நாம் வெட்கினோம். ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் பள்ளிக்கூடக் கட்டுரைக்கு உதவி கேட்டு வந்தார். நேரமின்மையால் முழுவதையும் நாமே சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. மறுவாரம் அக்கட்டுரையிலிருந்து ஒரு கேள்வி கேட்டோம். அவர் தலைகுனிந்து நின்றார். குற்றம் அவருடையதன்று, நம்முடையது. கள்வன் பறிக்கத் தேவையில்லாமலேயே அவரிடம் கல்வி இல்லாதிருந்தது.

இன்று கணினியிடம் கேட்டால் நொடியில் கட்டுரை வந்துவிடுகிறது. ஆதலால் முஈதின் தேவை முன்னினும் மிகுந்துள்ளது. பிள்ளை உதவி கேட்டு வந்தால், 'உனக்குத் தெரிந்ததை முதலில் சொல்' என்போம். சொன்னதை அவர் நடையிலேயே எழுதச் செய்வோம். பிழையைச் சுட்டிக்காட்டுவோம், திருத்துவது அவர் கையாகவே இருக்கட்டும். மதிப்பெண் சற்றுக் குறையலாம். கற்றது அவரிடம் தங்கும். நம் மஹல்லாவில் கல்லூரியில் பயிலும் இளைஞர்கள், வாரம் ஒரு மாலையேனும் இப்பணிக்கு முன்வருமாறு அன்புடன் அழைக்கிறோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன்.