பாரசூட் கயிறு செய்தவர்களின் பலூன்



போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வெளியில் வரும்போது ஒரு ஹாஜியார் கையைப் பிடித்து நிறுத்தினார். "சேர், ஜப்பான் கார்ல பலூன் வெடிச்சி ஆள் மௌத்தாகுதாமே, மெய்யா?" என்று கேட்டார். மெய்தான் ஹாஜியார் என்றேன். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற கதை இல்லை, எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். கொஞ்சம் நீளம்தான். கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

கதை 1933இல் ஜப்பானின் ஷிகா மாகாணத்தில் தொடங்குகிறது. தகாடா என்ற குடும்பம் அங்கே ஒரு நெசவுத் தொழிலை ஆரம்பித்தது. பாரசூட்டில் மனிதனைத் தாங்கும் கயிறுகளைச் செய்தார்கள். அதே நெசவு அறிவைக் கொண்டு 1960 அளவில் கார்களுக்கு ஆசனப் பட்டி செய்யத் தொடங்கினார்கள். ஆக, இது உயிர்காக்கும் பொருட்களாலேயே வளர்ந்த கம்பனி. பெயர் தகாட்டா.

எண்பதுகளில் எயார்பேக் செய்யச் சொல்லி ஹொண்டா கேட்டபோது, கம்பனித் தலைவர் முதலில் தயங்கினார் என்று ஹொண்டாவின் முன்னாள் பொறியியலாளர் ஒருவர் தனது நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒன்று பிழைத்தால் கம்பனியே போய்விடும் என்பதுதான் அவரது பயமாம். பின்னர் எப்படியோ சம்மதித்தார்கள்.

எயார்பேக்கை நாம் காற்றடித்த பலூன் என்று நினைக்கிறோம். அதற்குள் காற்று இல்லை. ஸ்டியரிங்குக்குள் ஒரு சிறிய உலோகக் குப்பி இருக்கிறது, அதற்குள் மருந்து. கார் மோதினால் அந்த மருந்து எரிந்து வாயுவாகி, கண் இமைக்கும் நேரத்துக்குள் பையை நிரப்பும். நம் முகத்துக்கு முன்னால் ஒரு கட்டுப்படுத்தப்பட்ட வெடியை வைத்துக்கொண்டுதான் நாம் எல்லோரும் கார் ஓட்டுகிறோம்.

முன்பு அந்த மருந்து சோடியம் ஏசைட்டு. அது நச்சு என்பதால் தொண்ணூறுகளில் வேறு இரசாயனங்களுக்கு மாறினார்கள். 2000ஆம் ஆண்டை அண்டி தகாட்டா தெரிவு செய்தது அமோனியம் நைத்திரேற்று. பசளையிலும் கல்லுடைக்கும் வெடிமருந்திலும் இருக்கிற அதே சாமான்தான். 2020இல் பெய்ரூத் துறைமுகத்தைத் தரைமட்டமாக்கியதும் அதுவே. விலை மலிவு. ஆனால் ஒரு குணக்கேடு உண்டு: ஈரத்தை உறிஞ்சும். பகலில் சூடாகி இரவில் குளிர்ந்து, இப்படி வருடக்கணக்கில் போனால் அழுத்திச் செய்த வில்லைகள் உள்ளுக்குள் உருக்குலையும். பிறகு எரியவேண்டிய வேகத்தை விட வேகமாக எரியும். குப்பி தாங்காமல் வெடித்து, உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கழுத்துக்கும் முகத்துக்கும் பாயும். ஈரத்தை இழுக்க ஓர் உலர்த்தியைக்கூட அந்தக் குப்பிகளில் பெரும்பாலானவற்றுக்குள் வைக்கவில்லை. போட்டிக் கம்பனியான ஓட்டோலிவின் விஞ்ஞானிகள் தொண்ணூறுகளின் கடைசியிலேயே இதைப் பிரித்துப் பார்த்து ஆபத்து என்று சொன்னதாக நியூயோர்க் டைம்ஸ் பின்னர் வெளிக்கொண்டு வந்தது.

2004இல் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு ஹொண்டா அக்கோர்டில் முதல் குப்பி வெடித்தது. ஏதோ தற்செயல் என்று விட்டுவிட்டார்கள். 2008 நவம்பரில்தான் முதல் மீளழைப்பு, அதுவும் ஏறத்தாழ 4,000 கார்களுக்கு மட்டும். அடுத்த வருடம் மே மாதம் ஒக்லஹோமாவில் 18 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி பாடசாலை வாகனத் தரிப்பிடத்தில் நடந்த சிறிய மோதலில் இறந்தாள். 2014இல் புளோரிடாவில் ஒரு பெண்ணின் கழுத்துக் காயத்தைக் கண்ட பொலிசார் யாரோ கத்தியால் குத்தியிருப்பார்கள் என்றே முதலில் நினைத்தார்கள். அவர் இறந்து சில நாட்களில், காரைக் கொண்டுவந்து எயார்பேக்கை மாற்றுங்கள் என்ற கடிதம் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அதே வருடம் மலேசியாவின் சரவாக்கில் ஒரு ஹொண்டா சிட்டியில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் இறந்தார். வயிற்றிலிருந்து எடுத்த குழந்தையும் பிழைக்கவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இடங்களைத்தான். 2014இல் அமெரிக்காவில் மீளழைப்பை முதலில் புளோரிடா, ஹவாய், புவேர்ட்டோ ரிக்கோ போன்ற சூடும் ஈரமுமான பகுதிகளுக்கு மட்டுமே அறிவித்தார்கள். பிரான்ஸிலும் மரணங்களில் பெரும்பாலானவை ரியூனியன், குவாதலூப் போன்ற வெப்பவலயத் தீவுகளில்தான். அந்தப் பட்டியலை வாசித்துவிட்டு ஜன்னலால் வெளியே பாருங்கள். ஏப்ரல் வெயிலும் மாரி மழையும் கடற்காற்றும் நம்ம கிழக்குக் கரைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கம்பனியின் கதை கெதியாக முடிந்தது. பரிசோதனை முடிவுகளை வருடக்கணக்காக மாற்றி எழுதிக் கார்க் கம்பனிகளுக்குக் கொடுத்தது வெளியில் வந்தது. 2017 பெப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கட்ட வேண்டிய தொகை மொத்தம் 1 பில்லியன் டொலர். அதே வருடம் ஜூனில் வங்குரோத்து. 2018இல் ஒரு சீன நிறுவனத்துக்குச் சொந்தமான கம்பனி வாங்கிக்கொண்டது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 67 மில்லியன் குப்பிகள் மீளழைக்கப்பட்டன, இறந்தவர்கள் அங்கே 28 பேர். மோட்டார் வரலாற்றில் இதைவிடப் பெரிய மீளழைப்பு இல்லை. ஹொண்டா மட்டுமல்ல, டொயோட்டா, நிசான், மஸ்டா, சுபாரு, பீ.எம்.டபிள்யூ, போர்ட் என்று பட்டியல் நீளும்.

ஜப்பானில் 2018 மே முதல், மாற்றப்படாத ஆபத்தான எயார்பேக் உள்ள கார்களுக்கு வாகனப் பரிசோதனைச் சான்றிதழ் மறுக்கிறார்கள். நமக்கு வருடா வருடம் புகைப் பரிசோதனைதான் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குள் என்ன இருக்கிறது என்று அதில் யாரும் பார்ப்பதில்லை. அதோடு, நமக்கு வந்த கார்கள் பெரும்பாலும் ரீகண்டிஷன். மீளழைப்புக் கடிதம் ஜப்பானில் பதிவிலுள்ள உரிமையாளருக்குப் போகும். கப்பலேறி ஹம்பாந்தோட்டையில் இறங்கி, நாலு கை மாறி நம்மிடம் வந்த காருக்கு அந்தக் கடிதம் எங்கே தேடி வரும்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. இந்த மருந்துக்கு வயது போவதுதான் ஆபத்து.

என் மச்சானும் அப்படித்தான் ஒரு பழைய கார் வாங்கினார். டயர் பார்த்தார், இஞ்சின் சத்தம் கேட்டார், ஏ.சி. குளிர்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். விற்றவரிடம் எயார்பேக் பற்றிக் கேட்டதற்கு, "அது ஒரிஜினல், ஒருக்காலும் கழட்டல்ல" என்று பெருமையாகச் சொன்னாராம். எனக்கு அந்தச் சொல்தான் உறுத்தியது. சீ.ஆர். புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, சேசி இலக்கத்தை ஜப்பானிய தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அடித்துப் பார்த்தோம். ஜப்பான் உள்நாட்டுக் கார்களின் இலக்கம் குட்டையானது, அமெரிக்கத் தளங்களில் போட்டால் எடுக்காது, இதில் பலர் ஏமாந்து "ஒன்றுமில்லை" என்று மூடிவிடுகிறார்கள். பக்கத்தைத் தமிழில் மொழிபெயர்த்துப் பார்த்தோம். எயார்பேக் மீளழைப்பு இரண்டு, ஓட்டுநர் பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டும் செய்யப்படவில்லை.

மச்சான் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. அந்த முன் ஆசனத்தில்தான் என் தங்கச்சி மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய் வந்திருக்கிறாள்.

தயவுசெய்து நீங்களாகக் கழற்ற வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கிடமும் கொடுக்க வேண்டாம். உடைசல் கடையில் பாவித்த எயார்பேக் வாங்கிப் போடவும் வேண்டாம், அதற்குள்ளும் அதே குப்பி இருக்கலாம். உங்கள் கார் வகையின் முகவரிடம் சேசி இலக்கத்தோடு எழுத்தில் கேளுங்கள். 2000க்குப் பிந்திய 121 கொரொல்லா, விட்ஸ், ஹொண்டா பிட், இன்சைட் வைத்திருப்பவர்கள் முதலில் பாருங்கள். முன்பு ஒருமுறை மாற்றியிருந்தாலும் திரும்பப் பாருங்கள், ஆரம்பத்தில் மாற்றிப் போட்ட சிலவற்றுக்குள்ளும் அதே மருந்துதான் இருந்தது. மாற்றும்வரை ஓடாமல் இருக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் முன் ஆசனத்தில் யாரையும் ஏற்றாதீர்கள்.

ஜப்பானிய எழுத்தைக் கண்டு பயப்படுபவர்கள் மஃரிபுக்குப் பிறகு புத்தகத்தோடு வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். ஹாஜியார், உங்கள் இலக்கத்தை நேற்றே பார்த்துவிட்டேன். ஒருக்கா கோல் எடுங்கள்.