நூதனசாலையில் ஒரு பெயரற்ற மன்னன்

கனடாவுக்கு உறவினர் எவரேனும் வந்தால் நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடம் நயாகரா நீர்வீழ்ச்சியாகவே இருக்கும். நீர்வீழ்ச்சியைக் கண்டு களித்தபின், பிள்ளைகளின் வற்புறுத்தலால் அருகேயுள்ள கிளிப்ரன் ஹில் வீதியின் விந்தைக் கூடங்களுக்குள் நுழைந்து வருவோர் பலர். அமெரிக்கச் சித்திரக்காரரான றொபேட் றிப்ளி 1933ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியில் நடத்திய விந்தைக் கூடத்தின் வழிவந்த காட்சிச்சாலை ஒன்று, 1963 முதல் நயாகராவில் இயங்கி வருகின்றது. ஆயினும் அங்கு விந்தைகளைக் காசுக்குக் காட்டும் வழக்கம் அதனிலும் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது.

இங்கிலாந்திலிருந்து குடிபெயர்ந்து வந்த தோமஸ் பார்னெற் என்பவர், 1827இல் நயாகராவின் கனடியக் கரையில் ஒரு நூதனசாலையைத் தொடங்கினார். நூதனம் என்றால் புதுமை. அக்கூடத்துக்கு அப்பெயர் முற்றிலும் பொருந்தும். பாடம் செய்யப்பட்ட பறவைகளும் விலங்குகளும், இரு தலையுடன் பிறந்த கன்று போன்றவையும் அங்கு வைக்கப்பட்டன. பிற்காலத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடும், நீர்வீழ்ச்சியில் துணிந்து பாய்ந்தோர் பயன்படுத்திய பீப்பாய்களும் அவற்றோடு சேர்ந்தன. எகிப்திலிருந்து தருவிக்கப்பட்ட, மம்மி எனப்படும் பதனிட்ட சடலங்களும் அங்கிருந்தன. அவற்றுள் ஒன்றை, கியூபெக்கைச் சேர்ந்த வைத்தியர் ஜேம்ஸ் டக்ளஸ் 1860ஆம் ஆண்டளவில் லக்சர் நகரில் 7 பவுணுக்கு வாங்கி, பார்னெற்றின் கூடத்துக்குப் பெற்றுக்கொடுத்தார் எனக் கூறப்படுகின்றது.

வியப்பை விற்பது அக்காலத்தில் பெரும் வணிகமாக இருந்தது. நியூயோர்க் நகரில் பி. ரி. பார்னம் 1841இல் விலைக்கு வாங்கிய அமெரிக்க நூதனசாலை, 25 சதக் கட்டணத்தில் மக்களை வெள்ளமென ஈர்த்தது. குரங்கின் உடலையும் மீனின் வாலையும் ஒட்டித் தைத்துக் கடற்கன்னி என்று 1842இல் அங்கு காட்டினார்கள். 1860இலோ, வில்லியம் ஹென்றி ஜோன்சன் என்னும் கறுப்பின அமெரிக்கரை, மனிதனா விலங்கா என்று அறியமுடியாத பிறவி என விளம்பரப்படுத்தி நிறுத்தினார்கள். கடற்கன்னி வெறும் பித்தலாட்டம். ஜோன்சனுக்கு நேர்ந்தது அவமானம். அவருக்கு ஒரு பெயரும் ஒரு குடும்பமும் இருந்தன. கட்டணம் செலுத்தி வந்தவர்களுக்கு அவற்றைச் சொல்ல அங்கு எவருமில்லை. பார்னத்தின் அந்தக் கூடம் 1865 யூலையில் தீக்கிரையானது.

பார்னெற்றின் நூதனசாலை நெடுங்காலம் நீடித்தது. கடன் சுமையால் 1870களின் பிற்பகுதியில் அது அவரது கையைவிட்டுப் போய், போட்டியாளரான சோல் டேவிஸிடம் சேர்ந்தது. 1888இல் அமெரிக்கக் கரைக்கு மாறி, 1958இல் மீண்டும் கனடியக் கரைக்கு வந்தது. இவ்வளவு காலமும், லக்சரில் வாங்கப்பட்டதாகக் கருதப்படும் அச்சடலம் இரு தலைக் கன்றின் அயலிலேயே கிடந்தது. அவரது கைகள் மார்பின்மீது குறுக்காக மடிக்கப்பட்டிருந்தன. எகிப்தில் அக்காலத்தில் அரச குலத்தாரை மட்டுமே அவ்வாறு கிடத்துவர். தலைமுறை தலைமுறையாக மக்கள் அவரைக் கடந்து சென்றனர். 1980களில் ஜேர்மானிய ஆய்வாளர் ஒருவர் பரிசீலித்து, இவர் அரச குலத்தவராக இருக்கலாம் என்று கருதினார்.

1999இல் நூதனசாலை மூடப்பட்டது. அதன் எகிப்தியப் பொருட்களை, அட்லாண்டா நகரத்து எமோரிப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்லோஸ் நூதனசாலை, பொதுமக்களிடம் பணம் திரட்டி வாங்கியது. அங்கேதான் "இவர் யார்?" என்ற கேள்வி முறையாக எழுப்பப்பட்டது. ஊடுகதிர்ப் படங்கள் எடுக்கப்பட்டன. உடலின் காலம் கணிக்கப்பட்டது. பதனிட்ட முறையும் முகத்தின் சாயலும் அறியப்பட்ட மன்னர்களின் உடல்களோடு ஒப்பிடப்பட்டன. 1881இல் எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட மன்னர்களின் மறைவிடத்தில், முதலாம் ராம்சேஸ் மன்னனின் பேழையில் அவனது உடல் இருக்கவில்லை என்பதும் நினைவுகூரப்பட்டது. முற்றாக நிறுவப்படாவிடினும், இவர் பெரும்பாலும் அம்மன்னனே என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். 3,000 ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் 19ஆம் அரச வம்சத்தை நிறுவியவன் அவன். புகழ்பெற்ற இரண்டாம் ராம்சேஸின் பாட்டன்.

கார்லோஸ் நூதனசாலை அவ்வுடலை விலையேதும் பெறாது எகிப்துக்கு அளித்தது. 2003 ஒக்ரோபரில் அவன் கெய்ரோவில் வரவேற்கப்பட்டான். மறு ஆண்டு, தான் புறப்பட்ட லக்சர் நகருக்கே மீண்டு, அங்குள்ள நூதனசாலையில் வைக்கப்பட்டான்.

அதே உடல்தான், அதே மடித்த கைகள்தான். பெயரும் ஊரும் அறியப்படாதவரை விந்தைப் பொருள், அறியப்பட்டதும் மன்னன். வந்திறங்கிய நாட்டில் கோவை இலக்கங்களாக அறியப்பட்டு, நீண்ட பெயர்களைக் குறுக்கிக்கொண்டு வாழ்ந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. அடுத்தமுறை நயாகராவுக்குச் செல்லும்போது, பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லுங்கள். கூடவே, அவர்களுடைய பேரனாரின் முழுப் பெயரையும் ஊரையும் சொல்லிக் கொடுங்கள்.