துருப்பிடித்த போல்ட், ஸ்டட் கழலவில்லையா? முறிக்காமல் எடுப்பது எப்படி?

ரோட்டவேட்டர் கத்தி தேய்ந்துவிட்டது, மாற்றலாம் என்று உட்கார்ந்தால் நட்டு அசைய மறுக்கிறது. பம்ப்செட்டின் பிளேஞ்சைக் கழற்றப் போனால் ஸ்டட் பாதியில் முறிந்து ஸ்பேனரோடு வருகிறது. உழவு நேரத்திலோ, பயிர் தண்ணீருக்குக் காயும்போதோ இப்படி ஆனால் ஒரு மணி நேர வேலை லேத் பட்டறை வரை போய்விடும். துரு பாதிக் காரணம்தான். ஸ்பேனரில் பைப்பை மாட்டி ஒரே மூச்சில் இழுப்பது மீதிக் காரணம்.

கை வைக்கும் முன்பு இரண்டு விஷயங்கள். டிராக்டரை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். ஹைட்ராலிக் தூக்கிப் பிடித்திருக்கிறது என்று நம்பி ரோட்டவேட்டருக்கு அடியில் கை விடாதீர்கள். கனமான மரக்கட்டையால் முட்டுக் கொடுங்கள். மோட்டாரில் வேலை என்றால் மெயினை அணைத்து, பியூஸைக் கழற்றி உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோ ஸ்விட்ச் உள்ள மோட்டார், கரண்ட் வந்ததும் யாரையும் கேட்காமல் ஓடும்.

எதைக் காப்பாற்ற வேண்டும்?

ரோட்டவேட்டர் கத்தி, கல்டிவேட்டர் கொழு ஆகியவற்றில் இருப்பது ஊடுருவிப் போகும் போல்ட். அது போனால் புதிது வாங்கிக்கொள்ளலாம். நட்டின் முனை மழுங்கிவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். போல்ட்டுக்கு இணையாக, நட்டின் ஒரு பக்கத்தை ஹாக்சா பிளேடால் முக்கால் ஆழம் அறுத்து, அந்த வெட்டில் உளியை வைத்து அடித்தால் நட்டு பிளந்துவிடும்.

ஸ்டட் அப்படியல்ல. அதன் ஒரு முனை பம்பின் வார்ப்பிரும்பு உடலுக்குள்ளோ, என்ஜின் பிளாக்குக்குள்ளோ திருகப்பட்டிருக்கும். அங்கே மரை கெட்டால் செலவு உடலுக்குத்தான். பொறுமை தேவைப்படுவது இங்கேதான்.

இரும்பு துருவாகும்போது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். மரைகளுக்கு இடையே உள்ள மயிரிழை இடைவெளியில் அது ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். அந்தத் துருவை நொறுக்குவதும், ஊற வைப்பதும்தான் வேலை; பலம் அதற்குப் பிறகுதான்.

வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஸ்பிரேயை அடியுங்கள். கிடைக்காவிட்டால் டீசலாவது விடுங்கள். கிரீஸும் கெட்டியான என்ஜின் ஆயிலும் உள்ளே இறங்காது. மாலையில் விட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டி, படுக்கும் முன்பு மறுபடி விட்டு, காலையில் கழற்றப் பாருங்கள். தட்டும்போது ஸ்டட்டின் மரையில் நேராக அடிக்கக் கூடாது. நட்டின் ஒரு முகத்தில் கனமான இரும்பைத் தாங்கிப் பிடித்து, எதிர் முகத்தில் அடித்தால் துரு நொறுங்கும்.

கழற்ற ரிங் ஸ்பேனர் அல்லது ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர்தான் ஏற்றது. திறந்த வாய் ஸ்பேனர் இரண்டு முகங்களை மட்டுமே பிடிப்பதால் முனையை மழுக்கிவிடும். முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். பிறகு கழற்றும் பக்கம். கால் சுற்று வந்தால் அரைக்கால் சுற்று பின்னால் போய், ஆயில் விட்டு, மறுபடி முன்னால். ‘கிறீச்’ என்று சத்தம் வருவது நல்ல அறிகுறி. சத்தமே இல்லாமல் ரப்பரை முறுக்குவதுபோல் இழுத்த இழுப்புக்கு வளைந்து கொடுத்தால் உடனே கையை எடுங்கள். ஸ்டட் முறுகுகிறது, அடுத்த இழுப்பில் முறியும். மெல்லிய ஸ்டட்டுக்குப் பைப் போடவே வேண்டாம்.

எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதையும் பாருங்கள். செங்குத்தாகப் பிடித்தால் மரைக்கோடு வலப்பக்கம் மேலேறினால் வழக்கமான மரை. இடப்பக்கம் மேலேறினால் அது தலைகீழ் மரை. வழக்கமாக இறுக்கும் பக்கம் திருப்பினால்தான் கழலும்.

சூடு காட்டுவது

ஊறியும் வராவிட்டால் நட்டை மட்டும் சூடாக்குங்கள், போல்ட்டை அல்ல. நட்டு விரிந்து பிடி தளரும். ஸ்டட் என்றால் அதைச் சுற்றியுள்ள உடலைச் சூடாக்க வேண்டும். வார்ப்பிரும்பை ஒரே இடத்தில் வேகமாகச் சூடாக்கினாலும், சூட்டோடு தண்ணீர் ஊற்றினாலும் விரிசல் விழும். அலுமினியம் சிவக்காமலே உருகிவிடும். சூடான மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். ஆறும்போது கழற்றிப் பாருங்கள்.

ஸ்பிரே அடித்த ஈரம் இருக்கும்போது நெருப்பு காட்டாதீர்கள். டயர் மாட்டிய சக்கரத்தின் போல்ட்டைச் சூடாக்கவே கூடாது. உள்ளே காற்று சூடேறி டயர் வெடித்தால் பக்கத்தில் இருப்பவர் பிழைப்பது கடினம்.

நட்டு வந்து, ஸ்டட் மட்டும் நின்றால் இரண்டு நட்டுகளை அதில் போட்டு, ஒன்றோடொன்று இறுக்குங்கள். பிறகு உள்பக்க நட்டைக் கழற்றும் திசையில் திருப்பினால் ஸ்டட்டும் சேர்ந்து வரும்.

முறிந்துவிட்டதா? கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டு பக்கமும் அரத்தால் தட்டையாக்கி ஸ்பேனர் போடலாம். மட்டத்தோடு முறிந்திருந்தால் ஊரில் உள்ள வெல்டரை அழையுங்கள். ஒரு நட்டை முறிந்த முனைமேல் வைத்து, உள்ளே வெல்டு வைத்தால், சூட்டில் இளகிப் பெரும்பாலும் வந்துவிடும். டிராக்டரில் வெல்டு வைக்கும் முன்பு பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். துளையிட்டு ‘ஈஸி அவுட்’ போடுவதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதில் இறங்காது.

திரும்ப மாட்டும்போது மரையைச் சுத்தம் செய்து கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். அடுத்த முறை கையோடு வரும். சக்கர நட்டுக்கு மட்டும் டிராக்டர் கையேட்டில் சொல்லாமல் கிரீஸ் தடவ வேண்டாம். அளவுக்கு மீறி இறுகிவிடும். ரோட்டவேட்டர் கத்திக்குப் பழைய போல்ட்டையும் ஸ்பிரிங் வாஷரையும் மறுபடி போடாமல் புதிதாகவே போடுங்கள்.