தொண்ணூற்றைந்து கலம்: பார்த்திவபுரத்துச் சாலையும் நம் பெருமிதமும்

ஆண்டுதோறும் மாசிச் சிவராத்திரியை ஒட்டிக் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், காவியுடுத்த பக்தர்கள் 'கோவிந்தா, கோபாலா' என்று குரலெழுப்பியவாறு பன்னிரண்டு சிவாலயங்களை ஓடியோடித் தரிசிக்கின்றனர். சிவாலய ஓட்டம் எனப்படும் இவ்வழக்கம் முஞ்சிறைத் திருமலையில் தொடங்குகிறது. அந்த முஞ்சிறைக்கு அண்மையில்தான் பார்த்திவபுரம் என்னும் சிற்றூரும் அதன் பழைய பெருமாள் கோயிலும் உள்ளன. ஓட்டம் செல்லும் பன்னிரண்டு தலங்களுள் இக்கோயில் சேராது. ஆயினும் தென்தமிழகத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் இவ்வூரைக் கடந்து போக இயலாது.

நாஞ்சில் நாடு என்று வழங்கும் பகுதி, வரையறுத்துச் சொன்னால், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரண்டு வட்டங்களே. பார்த்திவபுரம் அதற்கு மேற்கே, பழைய விளவங்கோட்டுப் பகுதியைச் சார்ந்தது. விழிஞத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஆய் மன்னர்களின் நிலம் அது. அம்மரபைச் சேர்ந்த கோக்கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாருக்கு வேறு நிலம் கொடுத்து, மாற்றாக அவர்களுடைய நிலத்தைப் பெற்றான். அதில் திருமாலுக்குக் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, மாணாக்கர் தங்கிப் பயிலச் சாலை ஒன்றையும் நிறுவினான். இச்செய்திகளைக் கூறும் செப்பேட்டில் கலியுக நாள் கணக்கு தரப்பட்டுள்ளது. கலி பிறந்து 1449087ஆம் நாள் என்னும் அக்கணக்கைப் பொது ஆண்டுக்கு மாற்றினால் 866ஆம் ஆண்டு ஜூலை மாதம் வருகிறது. பண்டைத் தமிழகத்து நிறுவனங்களுள் பிறந்தநாள் இத்தனை துல்லியமாகத் தெரிந்தவை மிகச் சிலவே.

இன்றைய கலைப் பல்கலைக்கழகங்கள் தம் ஆண்டறிக்கைகளில் மூன்று தலைப்புகளை மறவாமல் இடுகின்றன. ஆசிரியரும் மாணவரும் செய்த ஆய்வு, அவர்கள் பெற்ற சிறப்பு, வெளியுலகுக்கு அவர்கள் ஆற்றிய பணி என்பன அவை. அதே மூன்று கேள்விகளை 866இல் எழுந்த இந்தச் சாலையிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. சாலைகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் 'தென்னகத்தின் நாளந்தா' என்னும் தொடர் எங்கிருந்தோ வந்து விழுந்துவிடுகிறது. பார்த்திவபுரத்துக்கு முன்மாதிரியாக விளங்கிய காந்தளூர்ச் சாலைக்கும் இப்பட்டம் சூட்டப்படுகிறது. செப்பேடு இவ்வளவு பெரிய சொல்லைத் தாங்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சாலையில் இடம்பெற்றவர்களைச் செப்பேடு சட்டர் என்று அழைக்கிறது. மாணாக்கர் என்னும் பொருளுடைய 'சாத்ர' என்ற வடசொல்லின் திரிபாக இதனைக் கொள்வர். இடங்கள் மொத்தம் 95. அவற்றுள் ரிக் வேத மரபின் பவிழிய சரணத்தார்க்கு 45, யஜுர் வேதத்தின் தைத்திரீய சரணத்தார்க்கு 36, சாம வேதத்தின் தலவகார சரணத்தார்க்கு 14. இவ்விடங்களைக் குறிக்கச் செப்பேடு ஆளும் சொல் 'கலம்' என்பது. உண்கலம் என்னும் பொருளிலிருந்து, ஒருவர் உண்டு உறைந்து பயிலும் உரிமை என்ற பொருளுக்கு அச்சொல் விரிந்திருக்கிறது. நாம் இன்று 'சீட்' என்று சொல்வதை அவர்கள் கலம் என்றார்கள். நம்முடைய சொல்லில் இருக்கை முன்னிற்கிறது. அவர்களுடைய சொல்லில் சோறு முன்னிற்கிறது.

கல்வியைச் சோற்றால் அளப்பது அக்காலத்துக்குப் புதிதன்று. பின்னாளில் முதலாம் ராஜேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணாக்கரையும் 14 ஆசிரியரையும் கூறும்போது, இளமாணாக்கர்க்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், உயர்நிலை மாணாக்கர்க்கு ஒரு குறுணி 2 நாழி நெல் என்று அளந்து வைக்கிறது. பாடம் உயர உயர நெல்லும் உயர்கிறது. பார்த்திவபுரம் இதனினும் மிகச் சிறியது, ஆனால் ஏறத்தாழ 150 ஆண்டு மூத்தது.

ஆய்வு என்னும் முதல் கேள்விக்கு இங்கே கிடைக்கும் விடை இலக்கணம். போதிய இலக்கணப் பயிற்சி இல்லாதவர்க்குக் கலம் இல்லை. மூன்றாம் கேள்வியாகிய வெளியுலகப் பணிக்குக் கிடைக்கும் விடை இன்னும் சுவையானது. 'த்ரைராஜ்ய வ்யவஹாரம்' என்பதற்கு வேண்டிய கல்வியும் சட்டரிடம் எதிர்பார்க்கப்பட்டது. மூன்று அரசுகளின் நடைமுறை என்பது அதன் நேர்ப்பொருள். சேர சோழ பாண்டிய நாடுகளின் ஆட்சி, வழக்கு ஆகியவற்றைப் பற்றிய அறிவு என்று அறிஞர் பலரும் இதற்குப் பொருள் உரைக்கின்றனர். வேதம் ஓதுவதோடு அமையாமல் அரசவையிலும் வழக்காடும் இடத்திலும் பயன்படக்கூடிய ஆட்களை இச்சாலை உருவாக்க முயன்றது என்பது இதனால் விளங்கும். மூன்று பேரரசுகளின் எல்லைக்கு நடுவே பிழைத்திருக்க வேண்டிய ஒரு சிற்றரசனுக்கு அத்தகையோர் எவ்வளவு தேவைப்பட்டிருப்பர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, ஒழுங்கு விதிகள். சட்டர் ஒருவரையொருவர் இகழ்ந்து பேசினால் தண்டம் உண்டு. அடிதடியில் இறங்கினாலும் தண்டம் உண்டு. கூட்டத்துக்குப் படைக்கலத்துடன் வருதல் கூடாது. மடத்தில் வெள்ளாட்டிகளை, அதாவது பணிப்பெண்களை, வைத்துக்கொள்ளுதல் கூடாது. விதி எழுகிறதென்றால் அதற்கு முன்னே செயல் நடந்திருக்கிறது என்றுதானே பொருள்! வேதம் ஓதும் மாணாக்கர்க்குப் படைக்கலம் எதற்கு என்ற ஐயம் இயல்பாகவே எழும். வரலாற்றறிஞர் எம். ஜி. எஸ். நாராயணன் 1970இல் எழுதிய கட்டுரையில் இதனை நுணுகி ஆராய்ந்தார். 779இல் ஜாலோரில் உத்தியோதன சூரி இயற்றிய 'குவலயமாலா' என்னும் பிராகிருத நூலில், தென்னாட்டு மடமொன்றில் பல தேசத்துச் சட்டர்கள் சாத்திரங்களோடு வில்வித்தையும் மற்போரும் பயிலும் காட்சி வருகிறது. அதனைச் செப்பேட்டோடு பொருத்திப் பார்த்து, சாலைகள் வேதக் கல்வியோடு போர்ப் பயிற்சியும் அளித்த இடங்கள் என்று அவர் வாதிட்டார்.

இவ்விளக்கம் இன்னொரு பழைய புதிரையும் தொடுகிறது. முதலாம் ராஜராஜனின் தொடக்ககால வெற்றியாகக் கல்வெட்டுகள் போற்றுவது காந்தளூர்ச் சாலையில் அவன் 'கலமறுத்த' செயலை. ராஜாதிராஜனும் முதலாம் குலோத்துங்கனும்கூட இதே பெருமையைத் தமக்கு உரிமையாக்கிக் கொண்டனர். கலம் என்றால் மரக்கலம், ஆகவே சேரரின் கப்பற்படையை அழித்தான் என்பது ஒரு சாரார் கொள்கை. கலம் என்றால் உண்கலம், ஆகவே சாலையில் நடந்துவந்த ஊட்டினை நிறுத்தினான் அல்லது திருத்தி அமைத்தான் என்பது மற்றொரு சாரார் கொள்கை. விழிஞம் துறைமுகமாதலின் முதற் கொள்கையை எளிதில் தள்ள முடியாது. ஆயினும் பார்த்திவபுரச் செப்பேடு காந்தளூரின் நடைமுறையையே தனக்கு அளவுகோலாகச் சொல்லிக்கொண்டு, 'கலம்' என்பதை மாணாக்கர் இடம் என்ற பொருளில் ஆள்கிறது. ஒரே மரபின் ஒரே சொல் இரண்டு இடங்களில் இரு வேறு பொருள் தரும் என்பதைவிட, ஒரே பொருள் தரும் என்பதே எங்களுக்கு ஏற்புடையதாகப் படுகிறது. கன்னியாகுமரியில் இருந்த ஸ்ரீவல்லபப் பெருஞ்சாலை, சோழராட்சியில் ராஜராஜப் பெருஞ்சாலை என்று பெயர் மாறியதையும் இங்கே நினைக்க வேண்டும். வென்றவன் அந்தச் சாலையை இடித்தொழிக்கவில்லை. தன் பெயரைச் சூட்டித் தொடர்ந்து நடத்தினான்.

இரண்டாம் கேள்வியாகிய சிறப்பைப் பற்றிச் செப்பேடு பேசவில்லை. 95 பேருள் ஒருவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. சிறப்பெல்லாம் இச்சாலைகளையும் இவற்றின் காலத்தையும் மண்ணிலிருந்து மீட்டுத் தந்தவர்களுக்கே உரியது. 'மனோன்மணீயம்' இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்துகொண்டே கல்வெட்டுகளைத் தேடி, பழந்திருவிதாங்கூர் அரசர் சிலரின் காலத்தை வரையறுத்து 1894இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். அரசின் ஹஜூர் அலுவலகத்தில் இருந்தமையால் ஹஜூர் செப்பேடு என்று பெயர்பெற்ற பார்த்திவபுரச் சாசனத்தை, தொல்லியல் துறைத் தலைவராக இருந்த து. அ. கோபிநாத ராவ் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் வெளியிட்டார். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, பள்ளியிலும் கல்லூரியிலும் பாடம் சொல்லிக்கொண்டே 'காந்தளூர்ச்சாலை' என்ற ஆராய்ச்சியை எழுதினார். குழந்தைப் பாடல்களாலும் மருமக்கள்வழி மான்மியத்தாலும் அறியப்பட்ட அவருக்கு 1940இல் கவிமணி என்னும் பட்டம் கிடைத்தது. கல்வெட்டுகளோடு அவர் கழித்த ஆண்டுகளுக்குத் தனியாகப் பட்டம் எதுவும் கிட்டவில்லை. நாஞ்சில் நாட்டின் இன்னொரு மைந்தரான கே. கே. பிள்ளை 1953இல் சுசீந்திரம் கோயிலைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டு, ஒரு கோயிலின் வழியாக ஒரு நாட்டின் சமூக வரலாற்றையே எழுத முடியும் என்று காட்டினார்.

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தபோது கோயில் இங்கே வந்தது. அதன் வரலாற்றை எழுதிய ஆய்வு மரபு பெரும்பாலும் திருவனந்தபுரத்தோடு நின்றது. ஆய் நாட்டைக் கேரள வரலாறு தன் முன்னுரையாகக் கொள்கிறது. தமிழக வரலாறு பாண்டியர்க்கு அடிக்குறிப்பாக்கி விடுகிறது. இரண்டு வரலாறுகளுக்கும் நடுவே விழுந்த பார்த்திவபுரத்தைத் தூக்கி நிறுத்த 'நாளந்தா' என்ற கடன் பெருமை நமக்குத் தேவைப்பட்டது போலும். பல்லாயிரம் துறவியர் பயின்றதாகச் சீனப் பயணிகள் வியந்த நாளந்தா எங்கே, 95 கலம் எங்கே! சிறியதைச் சிறியதென்று சொல்வதில் இழுக்கில்லை.

மறைத்துப் பேசக் கூடாத ஒன்றும் உண்டு. 95 கலமும் மூன்று வேத சரணத்தார்க்கே பங்கிடப்பட்டன. அந்நெல்லை விளைவித்த உழுகுடிகளுக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. பெண்கள், வைத்துக்கொள்ளலாகாத பணியாளராக, விலக்கப்பட்ட பொருளாக மட்டுமே செப்பேட்டில் நுழைகின்றனர். அக்காலத்தின் இயல்பு அதுதான் என்று சமாதானம் சொல்வோர்க்கு ஒரு விடை, மார்த்தாண்டத்துக்கு மறுபுறத்தில், சிதறால் மலையில் இருக்கிறது. திருச்சாரணத்து மலை என்று பழம்பெயர் பெற்ற அச்சமணத் தலத்தில், கருநந்தடக்கனுக்குப் பின் ஆண்ட விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்தியார் பொன் அணி அளித்த செய்தி கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அரட்டநேமி படாரரின் மாணாக்கியார் அவர். குரத்தி என்பது குரவருக்குப் பெண்பால். அதே ஆய் நாட்டில், ஏறத்தாழ அதே தலைமுறையில், ஒரு பெண் மாணாக்கியாகவும் குருவாகவும் தன் பெயரோடு நிற்கிறார். சாலையின் 95 ஆடவர்க்குக் கிட்டாத பெயர் அவருக்குக் கிட்டியிருக்கிறது.

9ஆம் நூற்றாண்டின் நிலையை 19ஆம் நூற்றாண்டின் கண்கொண்டு அப்படியே பார்ப்பது பிழைதான். ஆயினும் கலம் மறுக்கப்பட்டவர்களின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் நாம் வந்து சேர்வது மயிலாடிக்கும் நாகர்கோவிலுக்கும். 1806இல் திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபே மயிலாடியில் தொடங்கிய பணி, 1818இல் சார்லஸ் மீட் தலைமையில் நாகர்கோவிலுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே வேரூன்றிய செமினரி 1893இல் கல்லூரியாகி, பின்னர் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி என்று பெயர்பெற்றது. மிஷனரிமாரின் மனைவியர் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தினர். தோளில் சீலை அணிவதற்கே கலகம் செய்ய வேண்டியிருந்த மக்களின் பிள்ளைகள் அங்கே எழுத்தறிந்தனர். மதம் பரப்பும் நோக்கம் அதில் இருந்தது. அதனை மறைக்க வேண்டியதில்லை. பார்த்திவபுரத்திலும் நோக்கம் இல்லாமல் எவரும் நெல் அளக்கவில்லை. ஒடுக்கப்பட்டோர் திருவிதாங்கூர் அரசின் கோயில்களுக்குள் நுழைய வழிவிட்ட ஆணை 1936 நவம்பர் 12இல்தான் வந்தது. சாலைக்கு நெல் அளந்த நாளிலிருந்து எண்ணினால் 1070 ஆண்டுகள்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுவே. பார்த்திவபுரத்தை நாளந்தா என்று அழைக்க வேண்டா. ஒரு சிற்றரசன், ஒரு சிற்றூரில், 95 பேர்க்குச் சோறும் இடமும் கொடுத்து, இலக்கணமும் அரசு நடைமுறையும் ஒருங்கே கற்பித்து, சண்டையிட்டால் தண்டமும் விதித்து நடத்திய கல்விக்கூடம் என்று, உள்ளது உள்ளபடி சொல்லுவோம். யாருக்குக் கலம் இருந்தது, யாருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுவோம். குமரி மாவட்டம் செல்லும் வாசகர்கள் முக்கடலைக் கண்டு திரும்பிவிடாமல், மேற்கே இன்னும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். முற்பகலில் பார்த்திவபுரத்தையும் பிற்பகலில் சிதறால் மலையையும் பார்த்துவிடலாம். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதே முறை.