மலையோடையும் தூண்டிலும்: ஊவாவின் உச்சியில் டிரவுட் மீன் குடியேறிய வரலாறு

நதிக்கரைகளிலேயே நாகரிகங்கள் தோன்றின என்பது வரலாறு பயிலும் மாணவர் யாவரும் அறிந்த உண்மை. ஆனால் அந்நதிகள் பிறக்கும் இடங்களில் நிகழ்ந்தவை பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. குளம் தொட்டு அணைகட்டிய மன்னரின் பெயர் கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கும். அக்குளத்துக்கு நீரளித்த மலையோடையின் கதையைக் கேட்பார் இலர். இலங்கையின் மத்திய மலைநாட்டு ஓடைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் உழைப்பின் பகுதி ஒன்று. உல்லாசத்தின் பகுதி மற்றொன்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.

பதுளை நகருக்கு அண்மையில், நமுனுகுல மலைச் சாரலில் அமைந்தது ஸ்பிரிங்வெளித் தோட்டம். அதன் ஆங்கிலப் பெயரை ‘ஊற்றுப் பள்ளத்தாக்கு’ எனத் தமிழிற் கூறலாம். முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் விளைந்த நிலம் அது. இத்தகைய தோட்டங்களில் ஓடைநீரே வாழ்வின் ஆதாரம். மலையிலிருந்து வழியும் நீரைக் குழாய் வழியே இறக்கி விழச்செய்யும் பீலியிலேதான் லயத்து மக்கள் குடித்தனர், குளித்தனர், துணி வெளுத்தனர். விடியுமுன் குடம் நிரப்பிய பின்னரே அவர்கள் பெரட்டுக் களத்துக்குச் சென்றனர். இச்சாரலின் நீர் பதுளு ஓயாவிற் கலந்து, துன்ஹிந்தையில் அருவியாய் வீழ்ந்து, ஈற்றில் மகாவலியைச் சேர்கின்றது.

இதே ஊவாவின் மேற்கு எல்லையில், மேகம் தவழும் உயர்நிலத்து ஓடைகளுக்கோ வேறொரு பயன் கற்பிக்கப்பட்டது. அங்கே நீர் மக்களின் தாகத்துக்காகவன்றி, தூண்டில் ஏந்திய துரைமாரின் பொழுதுபோக்குக்காகப் பேணப்பட்டது.

உயர்நிலமும் வேட்டையும்

சிங்கள மக்கள் மகா எலிய என வழங்கிய சமவெளி, ஹோர்ட்டன் சமவெளி என ஆங்கிலேயராற் பெயர்பெற்றது. 1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த சேர் ரொபேட் வில்மட் ஹோர்ட்டனின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீற்றர் முதல் 2,300 மீற்றர் வரை உயர்ந்த அந்நிலத்தில் புல்வெளியும் குறுங்காடும் மாறிமாறி விரிந்துள்ளன. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று பேராறுகளின் தலையூற்றுகள் அங்கே தோன்றுகின்றன. ஒரே மேட்டில் விழும் மழைத்துளிகள் மூன்றாய்ப் பிரிந்து தீவின் மூன்று திசைகளுக்குச் செல்வது எண்ணி வியத்தற்குரியது.

ஆங்கிலேயர் முதலில் இங்கே கண்ட விளையாட்டு வேட்டையே. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவிற் குடியிருந்த சாமுவேல் பேக்கர், வேட்டைநாய்களோடு மரைகளைத் துரத்திய செய்திகளைத் தம் நூல்களில் விரிவாக எழுதியுள்ளார். எனினும் இங்கிலாந்தின், ஸ்கொத்லாந்தின் ஆற்றங்கரைகளில் வளர்ந்தோருக்கு ஒரு குறை நீங்கவில்லை. குளிர் இருந்தது, பனிமூட்டம் இருந்தது, தெளிந்த ஓடை கற்களினூடே சலசலத்தது, ஆயின் அவர்கள் விரும்பிய மீன் அதில் இல்லை. உயரமான அருவிகளைத் தாண்டித் தாழ்நிலத்து மீன்கள் மேலேறுதல் அரிது. ஆகவே தாய்நாட்டின் மீனையே இங்குக் குடியேற்றத் துணிந்தனர்.

பனிக்கட்டியில் வந்த முட்டைகள்

டிரவுட் குளிர்நீர் மீன்; வெப்பம் மிகுந்து உயிர்வளி குறைந்த நீரில் அது வாழாது. அதனை உயிரோடு வெப்பக்கடல் கடத்தி வருதல் எளிதன்று. ஆனால் கருவுற்ற முட்டையைக் குளிரில் வைத்தால் அதன் வளர்ச்சி மந்தமாகும். பொரிக்கும் நாளும் தள்ளிப்போகும். இவ்வியல்பை அறிந்தோர், ஈரமான பாசியினிடையே முட்டைகளை அடுக்கிப் பனிக்கட்டியில் வைத்துக் கப்பலேற்றினர். இம்முறையினாலேயே 1864இல் இங்கிலாந்திலிருந்து தஸ்மானியாவுக்குப் பழுப்பு டிரவுட் முட்டைகள் உயிரோடு சென்று பொரித்தன. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டமை ஐரோப்பாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடல்வழியைச் சுருக்கி, இம்முயற்சிக்கு மேலும் துணைசெய்தது.

இலங்கையின் மலைநாட்டுக்குப் பழுப்பு டிரவுட் 1882இல் வந்தது. அவ்வாண்டிற் புகையிரதப் பாதை நாவலப்பிட்டியோடு நின்றிருந்தது. நானுஓயாவை அது எட்டியது 1885இலேதான். ஆதலின் குளிர் குன்றாமற் காக்கவேண்டிய அந்நுண்ணிய சரக்கு, இறுதி ஏற்றத்தை மலைச்சாலை வழியாகவே கடந்தது. தொடர்ந்து பல முறை முட்டைகள் தருவிக்கப்பட்டன. ஆயினும் பழுப்பு டிரவுட் இம்மலையில் நிலைகொள்ளவில்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட், 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயிற் கொண்டுவரப்பட்டு, ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் தானே இனம்பெருக்கி நிலைத்தது. ஆங்கிலேயர் தம் நாட்டு மீனை நாடினர். அவர்க்கு வாய்த்ததோ வேறொரு கண்டத்தின் மீன்!

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அப்பேறும் கிட்டவில்லை. தாழ்ந்து செல்லும் ஓடைகளின் நீர் டிரவுட்டுக்கு வெப்பம் மிகுந்ததாதலின், ஊவாத் துரைமார் தூண்டில் வீச விரும்பினால் உச்சிநிலத்தை நோக்கியே பயணம் செய்தல் வேண்டும்.

இறகுத் தூண்டில்

தமிழருக்குத் தூண்டில் புதிதன்று. சூது என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், தூண்டில் முள்ளை விழுங்கும் மீனை உவமையாக்கியுள்ளார். ஆனால் நம்மவர்க்குத் தூண்டில் வயிற்றுக்கான கருவி. பிடித்த மீன் உலைக்குச் செல்லும். துரைமாரின் தூண்டிலோ வேறு வகையது. மண்புழுவையோ இறைச்சித் துண்டையோ அதிற் கோப்பதில்லை. முள்ளின்மீது இறகும் நூலும் மயிரும் சுற்றி, நீர்ப்பரப்பில் வந்தமரும் பூச்சியைப் போன்ற போலி உருவம் ஒன்றைச் செய்வர். நீண்டு வளையும் கோலினால் கனத்த நூலைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி, அப்போலிப் பூச்சியை மீன் காணுமிடத்தில் ஓசையின்றி இறக்குவர். மீனை ஏமாற்றும் நுட்பமே இவ்விளையாட்டின் இன்பம்.

இவ்விறகு தேடும் ஆசை தமிழகத்தையும் தொட்டது. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்திறகில் மெழுகு பூசினாற்போன்ற மஞ்சட் புள்ளிகள் உண்டு. தண்ணீரிற் கண்போல் ஒளிரும் அவ்விறகு, ஐரோப்பியத் தூண்டில்களுக்காகப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. பறவையினம் அருகுவது கண்டு, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய அரசு அவ்வேற்றுமதியைத் தடைசெய்தது.

விடுதியும் வழியும்

1890களில் இலங்கை மீன்பிடிக் கழகம் நுவரெலியாவை நிலைக்களனாகக் கொண்டு தோன்றியது. முட்டை பொரிக்கவைத்தல், குஞ்சுகளை ஓடைகளில் விடுதல், தூண்டிலிட அனுமதி வழங்கல் ஆகியவற்றை அக்கழகம் மேற்கொண்டது. ஓடையில் நீர் ஓடுவது இயற்கையாயினும், மீன்பிடிக்கும் உரிமை இப்போது அனுமதிச் சீட்டுக்குரியதாயிற்று. தோட்டத்துரையான தோமஸ் பார் என்பவரின் பெயரால் அமைந்த ‘பார் இன்’ என்னும் விடுதி, ஹோர்ட்டன் சமவெளியின் நடுவே வேட்டைக்கும் தூண்டிலுக்கும் வருவோரின் தங்குமிடமாயிற்று. அவ்வீடு இன்று தேசியப் பூங்காவைக் காண வருவோருக்கான நிலையமாக விளங்குகின்றது.

புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும் 1894இற் பண்டாரவளையையும் 1924இற் பதுளையையும் அடைந்தது. பட்டிப்பொலைக்கும் ஒகியாவுக்கும் இடைப்பட்ட சுரங்கத்தைக் கடந்து வண்டி வெளிப்படும்போது, ஊவாவின் மலைமடிப்புகள் கண்ணெதிரே விரியும். ஒகியாவில் இறங்கியோர்க்கு அங்கிருந்து காட்டுவழியே பல மைல் ஏற்றம் எஞ்சியிருந்தது. தூண்டில்காரர் தனிமையை நாடியே இவ்வழி சென்றனர். ஆனால் அத்தனிமை பலர் தோள்மீது ஏறி வந்த தனிமையாகும். பாதை வெட்டியவர், பெட்டி சுமந்தவர், விறகு பிளந்தவர், நீர் காய்ச்சியவர், சமைத்தவர் ஆகிய இத்தனை பேரும் இருந்ததனாலேயே ஒருவர் ஓடைக்கரையில் தனித்து நிற்க முடிந்தது. பிடித்த மீனின் நிறை குறிக்கப்பட்டது. சுமந்தவரின் பெயர் குறிக்கப்படவில்லை.

இருவகைக் குடியேற்றம்

கடல்கடந்து இம்மலைக்கு வந்தது டிரவுட் மட்டுமன்று. கோப்பிக் காலத்திலே தென்தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரம் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே கால்நடையாய் மாத்தளை வரை நடந்து, அதன்பின் கண்டிக்கும் ஊவாவுக்கும் பிரிந்து சென்றனர். வழியிற் பசியும் வாந்திபேதியும் பெரியம்மையும் காய்ச்சலும் அவர்களுட் பலரைக் கொன்றன. இறந்தோரை முற்றாகக் கணக்கிட்டோர் இலர். மீன்முட்டை வெயிற்படாது பனிக்கட்டியில் வந்தது. மனிதர் வெயிலில் நடந்து வந்தனர். இவ்விரு பயணங்களும் ஒரே ஆட்சியின்கீழ், ஒரே நூற்றாண்டில் நிகழ்ந்தவை என்பதை மறத்தலாகாது.

வந்த மீன் ஓடையிலே நிலைத்தது. வந்த மக்களோ, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆக்கப்பட்டனர். 1964இற் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னைய முடிவுக்கு விட்டது. இங்கே எஞ்சியிருந்த நாடற்றோர் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வரலாற்றில் வியப்பான ஒற்றுமையொன்று நீலகிரியிற் காணப்படுகின்றது. அங்கே 1863இற் பிரான்சிஸ் டே என்பார் டிரவுட்டைக் குடியேற்ற முயன்றும் வெற்றி கிட்டவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஹென்றி சார்ள்ஸ் வில்சன் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைத்து, பிறநாடுகளிலிருந்து தருவித்த வானவில் டிரவுட்டை நிலைபெறச் செய்தார். அம்முட்டைகளில் ஒரு பகுதி இலங்கையிலிருந்தே சென்றது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1968 முதலாக, இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் பலருக்கு வாழ்வளிக்க அதே நீலகிரியில் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. மீன் சென்ற மலைக்கே மக்களும் சென்றனர். மீனை அழைத்துச் சென்றது ஆசை. மக்களை அனுப்பியது ஒப்பந்தம்.

காடும் ஓடையும்

டிரவுட் வாழ்ந்ததற்குக் கழகத்தின் முயற்சி மட்டும் காரணமன்று. கோப்பிக்காகக் காடுகள் விரைந்து அழிந்த காலத்தில், 1873இற் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு அறிவுறுத்தினார்; அரசும் அவ்வாறே தடைவிதித்தது. மரநிழலே ஓடையைக் குளிர வைத்தது. காட்டுமண்ணே மழைநீரைத் தேக்கிச் சிறிது சிறிதாக விட்டது. காடு நின்றதனால் நீர் நின்றது. நீர் நின்றதனால் மீன் நின்றது.

எனினும் புதிய மீனின் வரவு தீதற்றதன்று. ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில், உலகில் வேறெங்கும் இல்லாத சிறு நன்னீர் இறால் ஒன்று வாழ்கின்றது. இன்று ஏறத்தாழ 10 கிலோமீற்றர் நீளமான ஓடைப்பகுதிக்குள் அதன் வாழ்விடம் ஒடுங்கிவிட்டது. ஊனுண்ணியான டிரவுட் அதற்கு ஓர் ஊறு என உயிரியலார் கருதுகின்றனர். அந்நிலம் 1969இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய உயர்நிலத்தின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. விருந்தினராய் வந்த மீனைக் காத்த காலம் போய், வீட்டுக்குரிய உயிர்களைக் காக்கும் காலம் வந்துள்ளது எனலாம்.

ஒரு நாட்டார் தம் ஓடைகளில் எதனைப் பேணுகின்றனர், எவரைப் புறக்கணிக்கின்றனர் என்பதைக் கொண்டே அவர்தம் ஆட்சியை அளந்தறியலாம். முட்டையைக் காக்கத் தெரிந்த அறிவு, அதே மலையில் மனிதரைக் காக்க முன்வந்திருப்பின் எத்துணை உயிர் எஞ்சியிருக்கும்! ஆகவே மலைநாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் விடுதியின் விருந்தினர் ஏட்டை மட்டும் புரட்டுதல் போதாது. பீலியடியில் குடத்தோடு காத்து நின்றோரின் நினைவையும் கேட்டு எழுதுதல் வேண்டும். ஊற்றின் உண்மைக் கதை அவர்களிடமும் உள்ளது.