இலங்கையின் எரிசக்தி

நிலக்கரிச் சுரங்கமோ எண்ணெய்க் கிணறோ இல்லாத தீவு இலங்கை. மன்னார்க் கடலடியில் 2011-இல் எரிவாயு கண்டறியப்பட்டது. வணிக அளவில் அது இன்னும் மேலே வரவில்லை. எனவே நாட்டின் அடுப்பும் விளக்கும் விறகையும் மழையையும் கப்பலையும் நம்பியே இருந்து வந்திருக்கின்றன. எதை எவ்வளவு நம்புவது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது.

இவற்றுள் மூத்தது விறகு. தென்னம்பாளை, பனைமட்டை, முற்றிய இறப்பர் மரம், வேலியில் வெட்டிய கிளை என்று கைக்கெட்டியதெல்லாம் எரிந்தது. தேயிலைத் தொழிற்சாலைகள் கொழுந்தை உலர்த்துவதும் பெரும்பாலும் விறகுச் சூட்டில்தான். நாட்டின் மொத்த எரிசக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அண்மைக்காலம் வரை இப்படித்தான் கிடைத்தது. விறகுக்குப் பட்டியல் வருவதில்லை, மீட்டரும் இல்லை. அதனால்தான் எரிசக்தி பற்றிய அரசியல் பேச்சில் அது அகப்படுவதே இல்லை.

மின்சாரம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொழும்புக்கு வந்தது. விளக்கைத் தொடர்ந்து ட்ராம் வண்டிகளும் ஓடின. நெடுங்காலம் அது நகரத்து வசதியாகவே இருந்தது. மலைநாட்டு அருவிகளிலிருந்து நாடு முழுவதற்கும் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918-இல் கணக்கோடு எழுதிக்காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் சுட்டிய இடம் களனி கங்கையின் மேற்பகுதியிலுள்ள லக்சபான. 1920களில் தொடங்கிய வேலை பாதியில் நின்றது. மனிதர் விடவில்லை, 1931-இல் இரத்தினபுரித் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குள்ளேயே போய் வாதாடினார். 25 மெகாவாட் கொண்ட முதல் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950-இல். மூன்றாண்டு கழித்து அவர் காலமானார். தீவின் மின்வரலாற்றில் திட்டத்துக்கும் மின்குமிழுக்கும் இடையே 32 ஆண்டு கழிந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் அதே ஆற்றுப் படுகையில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களும் மேலும் நிலையங்களும் எழுந்தன. மவுசாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது அங்கிருந்த பழைய கோயில் தலைகாட்டும். மக்கள் சேற்றில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். கோயில் தெரிந்தால் மின்வெட்டு தொலைவில் இல்லை என்று பொருள். ஒன்று சொல்லாமல் விட முடியாது: இந்த நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களின் லயன் வீடுகளுக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்தது நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு வெகுநாள் பின்னரே. உயர் மின்னழுத்தக் கம்பிகள் அங்கே குடியிருந்தவர்களின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன.

1969-இல் இலங்கை மின்சார சபை அமைந்தது. அதே ஆண்டில் சப்புகஸ்கந்தவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இயங்கத் தொடங்கியது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவை வீட்டுக்கும் வீதிக்கும் அங்கிருந்து வந்தன.

1970களின் பிற்பகுதியில் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம் நீர்மின்னின் உச்சக்கட்டம். பிரித்தானிய உதவியில் கட்டப்பட்ட விக்டோரியா அணை (210 மெகாவாட்), கொத்மலை, ரந்தெனிகல, ரந்தம்பை என ஒன்றன்பின் ஒன்றாக 1990-க்குள் முடிந்தன. ஆனால் மகாவலி நீருக்கு இரண்டு எசமானர்கள். பொல்கொல்லையில் வடக்கே திருப்பப்படும் நீர் வடமத்திய மாகாணத்துக் குளங்களை நிரப்பி வயலுக்குப் போகிறது. வழியில் உக்குவெலையில் கொஞ்சம் மின்சாரமும் தருகிறது. திருப்பப்படாத நீர் விக்டோரியா முதல் ரந்தம்பை வரை மூன்று நிலையங்களின் சுழலிகளையும் சுற்றிவிட்டுப் போகும். நெல்லா, விளக்கா என்ற இந்த இழுபறி இன்றும் ஒவ்வொரு போகத்திலும் உண்டு. 1992-இல் முடிந்த சமனலவெவ அணையோ பக்கத்து மலையின் வழியே கசியத் தொடங்கியது. அடைக்கும் முயற்சி முழுதாகப் பலிக்கவில்லை. கசியும் நீர் கீழேயுள்ள வயல்களுக்குப் பாய்கிறது என்பது மட்டும் ஆறுதல்.

1990களின் நடுப்பகுதி வரை மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நீரிலிருந்தே வந்தது. 1996-இல் மழை பொய்த்தது. நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு. 2001, 2002-இல் மறுபடியும். தேவை ஆண்டுக்காண்டு ஏற, புதிய நீர்த்தேக்கத்துக்கு ஏற்ற இடங்கள் குறைந்துகொண்டே போயின. தனியாரிடமிருந்து டீசல் மின்சாரம் வாங்கும் வழக்கம் அப்போதுதான் வேரூன்றியது. அவசரத்துக்கு என்று வந்தது ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டது.

இந்தக் கணக்குகளுக்கு வெளியே இருந்தது யாழ்ப்பாணம். 1990களில் உள்நாட்டுப் போரால் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து அறுபட்ட குடாநாட்டில், மண்ணெண்ணெய் ஊற்றிய ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். எரிபொருள் தடையில் மோட்டார் சைக்கிள் பெட்ரோல் மணம் காட்டிக் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடியது. தீவில் சிக்கனமாக எரிசக்தி பயன்படுத்திய மக்கள் யாரென்று கேட்டால் இவர்களைத்தான் சொல்ல வேண்டும். விரும்பிச் செய்த சிக்கனம் அல்ல. பின்னர் சுன்னாகத்து டீசல் நிலையங்கள் குடாநாட்டுக்கு மின்சாரம் தந்தன. அப்பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போய், 2019-இல் நட்டஈட்டுத் தீர்ப்பு வந்தது. போர் முடிந்த பின்னரே வடக்கு மறுபடி தேசியக் கம்பியில் இணைந்தது. 2016 அளவில் நாட்டின் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் எட்டியிருந்தது.

நிலக்கரி தாமதமாகவே வந்தது. சீனக் கடனில் புத்தளம் நுரைச்சோலையில் கட்டப்பட்ட லக்விஜய நிலையத்தின் முதல் அலகு 2011-இலும் மற்ற இரண்டும் 2014-இலும் இயங்கத் தொடங்கின. மொத்தம் 900 மெகாவாட். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அங்கே நிலக்கரி இறக்க முடியாது. ஆகவே கடல் அமைதியான காலத்திலேயே ஆண்டுக்கு வேண்டியதைக் குவித்துவைக்க வேண்டும். பருவமழையை நம்பியிராதிருக்கக் கட்டிய நிலையமும் பருவக்காற்றைப் பார்த்துத்தான் நடக்கிறது. இந்தியாவோடு சேர்ந்து சம்பூரில் திட்டமிட்ட இரண்டாவது நிலக்கரி நிலையம் 2016-இல் கைவிடப்பட்டது.

2022-இல் வற்றியது நீர்த்தேக்கம் மட்டுமல்ல, டொலரும்தான். எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லை. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. எரிபொருள் வரிசைகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு, கடைசியில் கியூ.ஆர். குறியீட்டுப் பங்கீட்டில் வந்து நின்றன. காஸ் சிலிண்டர் கிடைக்காத நகர வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பின. ஒன்பது ஆண்டுகள் உயராதிருந்த மின்கட்டணம் அவ்வாண்டு ஓகஸ்டில் சராசரி 75 விழுக்காடும், 2023 பெப்ரவரியில் 66 விழுக்காடும் ஏறியது. வீட்டுக்கூரைகளில் சூரியத் தகடு பெருகியதற்குக் கொள்கை அறிக்கைகளைவிட இந்த மின்கட்டணப் பட்டியலே பெரிய காரணம்.

காற்றும் வந்திருக்கிறது. மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி நிலையம் 2020-இல் திறக்கப்பட்டது. வலசைப் பறவைகள் வந்திறங்கும் இடம் அது என்பதாலும், காற்றாலைகளால் வெள்ளம் தேங்குகிறது என்ற முறைப்பாட்டாலும் மேலும் காற்றாலை வைப்பதை அங்குள்ள மக்கள் எதிர்க்கிறார்கள். 2030-க்குள் 70 விழுக்காடு மின்சாரம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரவேண்டும் என்பது அரசின் இலக்கு.

இப்போதைய சிக்கல் பற்றாக்குறை அல்ல, நேரம். இலங்கையில் மின்தேவை உச்சத்துக்கு ஏறுவது மாலை ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில். வெயில் மின்சாரம் பாய்வது நண்பகலில். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்சாதனத்தில் பட்டதில் நாடு முழுவதும் இருண்டது. குரங்கைச் சொல்லிச் சிரித்தார்கள். விடுமுறைப் பகலில் தேவை குறைந்திருக்க, சூரியத் தகடுகளே பெரும்பங்கு மின்சாரம் தந்துகொண்டிருந்ததும், கனமான சுழலிகள் குறைவாக ஓடியதால் சிறு அதிர்ச்சியையும் கட்டமைப்பு தாங்காததும் அந்தச் சிரிப்பில் அடிபட்டுப்போயின. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் மூன்று மணி வரை உங்கள் கூரைச் சூரியத் தகடுகளை அணைத்துவையுங்கள் என்று மின்சார சபை மக்களிடம் கேட்டுக்கொண்டது. அந்தி சாய்ந்ததும் விளக்குகளை ஏற்ற வழக்கம்போல நீர்த்தேக்கத்தின் மதகைத் திறக்கவும் எண்ணெய் இயந்திரத்தை இயக்கவும் வேண்டியிருந்தது.