நிமிர்ந்த முதுகின் நெடுங்கதை

வடபழனித் தெருக்களில் மூட்டை சுமக்கும் தொழிலாளியை நாள்தோறும் காண்கிறோம். இடுப்பைப் பிடித்தபடி, “எல்லாம் தலையெழுத்து” என்கிறார். பிள்ளைப்பேற்று வலியில் துடிக்கும் தாயைப் பார்த்து, “பெண்ணாய்ப் பிறந்த பாவம்” என்கிறது ஊர். எழுத்தா இது? பாவமா இது? இல்லை, தோழர்களே! இது வரலாறு, ஏட்டில் ஏறாமல் எலும்பில் ஏறிய வரலாறு!

நாற்கால் விலங்கின் முதுகெலும்பு பாலம் போன்றது. நான்கு கால்களும் அதனைத் தாங்கும் தூண்கள். நம் மூதாதையர் சிறுகச் சிறுக நிமிர்ந்தபோது பாலமே தூணாக நேர்ந்தது. மேலுடலின் சுமை கீழ்முதுகின் 5 எலும்புகள் மீது இறங்கிற்று. அங்கே முன்னோக்கிய வளைவு அமைந்தது, கால்கள் நீண்டன, இடுப்பெலும்பு குறுகிக் கிண்ணமாயிற்று. பிறப்பு வழி நெருக்கமாயிற்று. பின்னாளில் மூளை பெருத்துத் தலையும் பெருக்கவே, தாய்க்குத் துன்பம் மிகுந்தது. ஆக, இடுப்பு வலியும் பேற்று வலியும் நிமிர்வுக்கு மனித இனம் கொடுத்த விலை!

சான்று உண்டா என்பீர். 1978இல் தான்சானியாவின் லேட்டோலியில், எரிமலைச் சாம்பலில் பதிந்து இறுகிய காலடிகள் கிடைத்தன. 36 இலட்சம் ஆண்டுகட்கு முன்பே இரு காலால் நடந்தோர் விட்டுச்சென்ற தடங்கள் அவை. 1984இல் கென்யாவின் துர்க்கானா ஏரியருகே ஒரு சிறுவனின் எலும்புக்கூடு கிடைத்தது. ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடைய அவ்வுடல், கழுத்துக்குக் கீழே பெரிதும் நம் உடலை ஒத்தது.

அந்தப் பழமை ஆப்பிரிக்காவுக்கு மட்டுமா உரியது? வடபழனிக்குத் தெற்கே, சில கல் தொலைவில் உள்ளது பல்லாவரம். 1863 மே 30இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே பழங் கற்கருவியொன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அங்கே சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தெடுத்த கைக்கோடரிகளுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு வயதென 2011இல் வெளியான ஆய்வு அறிவித்தது. துர்க்கானாச் சிறுவனின் காலமும் அதுவன்றோ! அத்திரம்பாக்கத்தில் அவற்றைச் செய்தோரின் எலும்பு கிடைக்கவில்லை. எனினும் கல் பேசுகிறது. நடக்கும் வேலையினின்று விடுபட்ட கை, கல்லைச் செதுக்கும் கையாயிற்று என்கிறது.

முதுகு கொடுத்த விலைக்குக் கை பெற்ற உரிமை அது. அந்தக் கைதான் சுமை குறைக்க வண்டி செய்தது; வலி தணிக்க மருந்து செய்தது. வண்டியும் மருந்தும் இருக்கையில், தலையெழுத்தென்று சொல்லி ஒருவரை வலியில் விட்டுவைப்பது அறிவாகுமா? அறமாகுமா? எத்தனையோ இலட்சம் ஆண்டுகளில் நிமிர்ந்த முதுகு, விதியென்னும் ஒரு சொல்லுக்கா வளைவது?